புள்ளி

ஜெனிஸ்ரன் முதலில் அனுப்பியது ஜேபெக்.
எத்தனை கை மாறி வந்ததோ,
நங்கூரத்தின் ஓரமெல்லாம்
பாண் துணிக்கை போல உதிர்ந்திருந்தது.

'இதைப் பெரிசாக்க ஏலாது தம்பி,
வெக்டர் இருந்தால் அனுப்புங்கோ' என்றேன்.
பத்து நிமிடத்தில் பிடிஎஃப் வந்தது.
திறந்தால் உள்ளே அதே ஜேபெக்,
வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு.

பிறகு எஸ்விஜி.
பெயரின் வாலை வெட்டி
வேறு வால் ஒட்டியிருந்தான்.
மென்பொருள் திறக்கமாட்டேன் என்றது.
அதற்கு நல்ல மூக்கு.

'மூண்டு விதமாயும் தந்திட்டன் அக்கா,
இனி உங்கட கெட்டித்தனம்.
சனிக்கிழமை இறுதியாட்டம்.
பதினாறு ஜேர்சி,
வாசலுக்குப் பத்தடி பனர்.'

ஸ்ரான்லி வீதியில் மழை.
கடைக்குள் மை நெடி.
படத்தை உள்ளே இறக்கி
தடமெடுக்கும் கட்டளையை அழுத்தினேன்.
இயந்திரம் யோசித்தது, மின்விசிறி இரைந்தது,
நாலாயிரத்து முன்னூறு கணுக்கள்.
அலைக்கு ஒரு கோடு,
மடிப்புக்கு ஒரு கோடு,
யாரோ தேத்தண்ணி சிந்திய இடத்துக்கும்
நுணுக்கமாய் ஒரு கோடு.
எதையும் விட்டுவிடத் தெரியாத பிள்ளை
பரீட்சை எழுதியதைப் போல.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுக்
கையால் தொடங்கினேன்.
அலைக்கு மூன்று கணு போதும்.
நங்கூரத்துக்குப் பதினொன்று.
சுடருக்கு இரண்டே இரண்டு;
கைபிடியைக் கொஞ்சம் இழுத்தால்
குருநகர்க் காற்றுக்குச் சாய்கிறது.

சுடருக்கு மேலே, வலப்பக்கம்,
ஒரு புள்ளி.

ஜெனிஸ்ரனைக் கேட்டேன்.
'அது ஊத்தை அக்கா, விடுங்கோ.'
பொருளாளர் அமலதாஸ் குறுக்கே வந்தார்:
'ஊத்தையோ? அது புறா.'
செயலாளர் றெஜினோல்ட் தொலைபேசியிலேயே எழும்பி நின்றார்:
'கடலின் விண்மீன் தங்கச்சி.
மாதாவின்ர. அதில கை வைக்காதேங்கோ.'

முதன்முதல் கீறியவர் இப்போது பாரிசில்.
இரவு இரண்டு மணிக்குக் குரல் வந்தது,
பின்னால் ஏதோ ரயில்:
'நான் கீறேக்க புள்ளி இல்லை.
ஆனா இப்ப பாக்க…
இருக்கட்டும்.'

புறாவென்றால் ஒன்பது கணுவாவது வேண்டும்.
விண்மீனென்றால் பத்து.
ஊத்தையென்றால் ஒன்றும் வேண்டாம்.
உருப்பெருக்கிப் பெருக்கிப் பார்த்தேன்.
கடைசியில் திரையில் நின்றது
ஆறு சாம்பல் சதுரம், ஒரு கறுப்புச் சதுரம்.
எதைக் கேட்டாலும் அதையே சொன்னது.

ஏழு கணு வைத்தேன்.
வட்டமும் இல்லை, கூரும் இல்லை.
அது இருந்தபடி.
அடுக்குக்குப் பெயர் கேட்டது மென்பொருள்.
வெறுமையாக விட்டேன்.

சனிக்கிழமை மிச்சக் காசு வாங்கப் போனேன்.
வாசலில் பத்தடி.
ஓரங்கள் கத்தி மாதிரி.
புள்ளி ஒரு சோற்றுக்கோப்பை அளவு,
அதைப் பார்த்து ஒரு சின்னப்பெடியன்
'பந்து' என்றான் தகப்பனிடம்.
தண்ட உதைக்கு முன்
கோல்காப்பாளன் நெஞ்சில் விரலால் தொட்டது
சிலுவை அடையாளத்துக்கா
புள்ளிக்கா தெரியவில்லை.
பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

காசில் பாதிதான் தந்தான் ஜெனிஸ்ரன்,
மீதி திங்களாம்.
'சோக்கா வந்திருக்கு அக்கா.
உந்த இலச்சினையை
வட்ஸ்அப்பில ஒருக்கா அனுப்பிவிடுங்கோ.'

'வெக்டராவோ?'

'ஐயோ, அது போனில திறக்காது.
ஜேபெக்காத் தாங்கோ.'