புள்ளி

வட்டம் என்றால் இடம்.
குறுக்குக் கோடு என்றால் நிகழ்வு.
வட்டத்துக்குள் கரும்புள்ளி என்றால்
பாயான் லெப்பாஸில், எங்கள் இரண்டாம் கட்டடத்தில்,
ஒரு தட்டு சிப்புகளோடு காத்திருக்கிறது.
என் வேலை இவ்வளவுதான்:
புள்ளிகளைக் காக்க வைப்பது,
கோடு அனுமதித்தால் கடக்க விடுவது.

முதலில் ஒவ்வொன்றாகத்தான் எண்ணினேன்.
நாற்பது வட்டம், அறுநூறு புள்ளி.
எது எதில் இருக்கக்கூடும் என்று
எல்லா வகையையும் பட்டியல் போடச் சொன்னேன்.
கணினி விடியும்வரை விசிறியைச் சுழற்றிவிட்டு
நினைவகம் போதவில்லை என்று படுத்துக்கொண்டது.

லிம் சூன் கியாட் காத்திருக்கிற ஆள் இல்லை.
திங்கட்கிழமைக்குள் அவருக்கு ஓர் எண் வேண்டும்.

ஆகவே
உருக்கினேன்.
புள்ளிகள் மையாயின, கோடுகள் குழாய்கள்.
இதில் பாவம் ஒன்றுமில்லை.
பதினோராம் மாடிச் சன்னலிலிருந்து காலைப் பாலத்தைப் பார்க்கிறவர்
மோட்டார் சைக்கிள்களை எண்ணுவதில்லை.
பிறைப் பக்கமிருந்து கருநிறமாய் ஏதோ வழிந்து வருகிறது,
அவ்வளவுதான்.
அதில் ஒருவருக்குச் செயின் கழன்று
மழைச்சட்டையோடு ஓரம் ஒதுங்கினால்
நீர் மெலிவதில்லை.

ஒரே மூச்சில் விடை வந்தது:
மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளி ஆறு தட்டு.
"புள்ளி ஆறு தட்டை யார்லா தூக்குறது?"
சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார் லிம்.
மூன்று மாதம் சரியாகவே இருந்தது.
ஆயிரக்கணக்கில் இருக்கும்போது
பொய்க்கும் ஆழம் உண்டு,
நீந்தலாம்.

பிறகு ஆர்டர் வற்றிய டிசம்பர்.
அதிகாலை மூன்று நாற்பது.
ஏழாம் அடுப்பு
இரண்டு தட்டு சேர்ந்தால்தான் கதவைச் சாத்தும்.
மிச்சம் ஒன்று.
அதன் ஜோடி, கீறல் விழுந்து
முந்தின ஷிப்டிலேயே கழிவுக்குப் போயிருந்தது.

என் திரையில் எதுவும் நிற்கவில்லை.
ஒன்று அரையாயிற்று. அரை, கால்.
கால், அரைக்கால். பிறகு வீசம், அரைவீசம்,
முந்திரிக்கும் கீழே பெயரில்லாத துணுக்குகள்.
பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டு
பூஜ்யத்தைத் தொடாமல்
சாகாமல் செத்துக்கொண்டே ஓடியது என் ஃபேக்டரி.

கீழே இருந்த ஃபேக்டரி நின்றது.
சிவப்பு விளக்கு எரியவில்லை.
பழுது ஒன்றும் இல்லையே;
காத்திருப்பதைப் பழுது என்று
யாரும் அந்த இயந்திரத்துக்குச் சொல்லித் தந்ததில்லை.

எண்ணுக்கு நடுவே வைத்தால் பின்னமாக்கும் புள்ளி,
எழுத்தின் தலையில் வைத்தால்
உயிர் நீங்கி மெய் மட்டும் நிற்கும்.
ஏழாம் அடுப்பின் முன்னால் அன்று நின்றது
மெய்.

நைட் ஷிப்ட் கோகிலவாணி
முகக்கவசத்தைக்கூட இறக்கவில்லை.
அலமாரிக்கு நடந்தாள்,
ஒரு சிப்புகூட இல்லாத காலித் தட்டொன்றை உருவி வந்தாள்,
பக்கத்தில் வைத்தாள்.
கதவு சாத்திக்கொண்டது.
பதிவேட்டில்: தட்டு இரண்டு. ஓகே.

கேமராப் பதிவைப் பார்த்துவிட்டு
கேன்டீனில் அவளைப் பிடித்தேன்.
ரொட்டிச் சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.
"இப்படி எத்தனை தடவை செஞ்சிருப்பீங்க?"
"எண்ணலையே," என்றாள்.
"இங்க வந்து ஆறு வருசம் ஆச்சு."

ஆறு வருசம்.
என் மூன்று மாதத்துச் சரியில்
எது என் கணக்கு, எது அவள் கை
என்று பிரிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.
பிரியவில்லை.

லிம்மிடம் சொல்லவில்லை.
படத்தில் ஒரு கோடு சேர்த்தேன்.
உள்ளே வரும் அம்பு அதற்குக் கிடையாது,
எந்த வட்டமும் அதற்குக் கடன் கொடுக்கவில்லை.
வெளியே ஒரே அம்பு, ஏழாம் அடுப்பை நோக்கி.
விதிப்படி இது அபத்தம்:
எங்கிருந்தும் வராத புள்ளி.
அழித்தேன். மறுபடி வரைந்தேன்.

மென்பொருள் ஒரு கட்டத்தைத் திறந்து கேட்டது:
இந்நிகழ்வின் வேகம், மணிக்கு?
கட்டம் காலி.
தட்டும் காலி என்று நினைத்துக்கொண்டு
சேமித்தேன்.