நான்கு தட்டுகள்

நேபன்கெல்லர் குழுவில் இரண்டே பேர்.
ஒருவன் மிக்சரின் வாலை அதன் வாயிலேயே செருகி
ஊளையிட விடுவான்.
மற்றவள் தகரம் உரசுவாள்.

முதல் தட்டு நாற்பத்திரண்டு நிமிடம், ஒரே கதி.
போஹுமில் (அண்ணனுக்கு அது எப்போதும் ‘போகும்’)
டிராம் ஏறி ஹாட்டிங்கன் வரை கேட்டேன்.
எந்த நிறுத்தத்தில் கண் திறந்தாலும்
ஏறிய இடத்திலேயே இருந்தேன்.

இரண்டாவதில்
வேறுபாடு வேண்டுமென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
இரண்டு நிமிடத்துக்கொரு வெட்டு,
அமைதி, மறுபடி அடி.
கல்யாண வீட்டில் எல்லாரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப்
பந்திக்கு ஓடுகிறவர் மாதிரி.
வீப்கேவுக்கு அதுதான் பிடிக்கும்,
கடை முகப்பில் அதையே நிறுத்தியிருக்கிறாள்.

எனக்கு மூன்றாவது.
எதுவும் நடப்பதில்லை அதில்.
நிமிடத்துக்கு ஓர் இழை உருவுகிறார்கள்,
பதினெட்டாம் நிமிடத்தில்தான்
துணியே இல்லையென்று தெரிகிறது.
காலப்பிரமாணம் என்பதை
ஜெர்மனில் சொல்லப் பார்த்து
“மெதுவாக, ஆனால் மெதுவாக இல்லை” என்று முடித்தேன்.
அவள் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான்காவது மறுபடி ஒரே கோடு.
சரக்கு தீர்ந்துவிட்டது:
நாங்கள் ஒத்துப்போனது இதில் மட்டும்.

பகலில் நான் காது சோதிக்கிறவள்.
செவ்வாயன்று ஹெர் பீட்ரெக் வந்தார்,
உருக்காலையில் இருபத்தாறு வருடம்.
நாலாயிரம் ஹெர்ட்ஸில் அவர் விரல் அசையவில்லை.
உள்ளே இரைவது எதைப்போல என்றறிய
ஒவ்வொன்றாகப் போட்டேன்,
விசில், சீற்றம், கொதிக்கும் கெண்டி.
இன்னும் மேலே. இல்லை, கீழே. கொஞ்சம் மணல் சேருங்கள்.
“அதுதான்!” என்றார்,
கடன் வாங்கிப்போனவனைத் தெருவில் கண்டதுபோல்.
மாறுமா என்று கேட்டேன், படிவத்தில் உள்ள கேள்வி.
“மாறாது. ஆனால் ராத்திரியில் அது வேறு ஆள்.”

அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

அவர் மொழியில் இதற்கொரு பெயர், அதற்கொரு பெயர்.
எனக்கு இரண்டும் இரைச்சல்.
வாய் தவறி,
இதைத் தட்டில் பதித்து விற்கிறார்கள் என்றேன்.
“காசுக்கா?”
“இருபத்திரண்டு யூரோ.”
ஹெட்போனைக் கழற்றாமல் சிரித்தார்,
தன் சிரிப்பு எவ்வளவு பெரிதென்று தெரியாமல்.
வரவேற்பறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிரவு நான்காவதைப் போட்டேன்.
அதே கோடு.
நடுச்சாமம் தாண்டி மறுபடி.
ஊசி கடைசி வளையத்தில் சிக்கி
டக், டக் என்றது,
எழுந்து திருப்பிப் போடவில்லை.

வீப்கேவிடம் இன்னும் சொல்லவில்லை.
சனிக்கிழமை கடை ஆறு மணி வரை.