லோடு என்ன?

மாடி கட்டச் சேர்த்த காசு அது.
மொட்டை மாடியில் நான்கு மூலையிலும்
கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன பதினோரு வருடமாய்,
தலைக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்து.
கூரைக்கு வைத்திருந்ததைக் கொண்டுபோய்
கூரையில்லாத வண்டி வாங்கிவிட்டாள் என்று
திம்மராயன் தன் தங்கைக்குப் போனில் சொன்னார்.
நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.
சொன்னதில் பிழையில்லை.

அறுபத்தேழாம் வருடத்து ஹெரால்டு.
காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலையின் பின்கொட்டகையில் கிடந்தது.
பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.
குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் எடுத்துப் போங்க என்றார் ஆலைக்காரர்.
இன்சூரன்ஸ் ஆபீசில் இருபத்தாறு வருடம்
பிறருடைய முதிர்வுத் தேதிகளைக் கணக்கிட்டவள் நான்.
காத்திருந்தேன்.

ஹூட் தைத்தவர் நூருல்லா.
பெங்களூர் ரோட்டில் லாரித் தார்ப்பாய் தைக்கிற கடை.
முழம் போட்டு அளந்துவிட்டு, நிமிராமல் கேட்டார்:
"லோடு என்ன?"
"நாங்க ரெண்டு பேர்."
நிமிர்ந்தார்.
மூட்டைக்குத் தைப்பேன், கிரானைட்டுக்குத் துணியே வேணாம்,
மனுசங்களுக்குத் தைச்சதில்ல என்றார்.
தைத்தார். இரட்டைத் தையல்.
பின்ஜன்னல் பிளாஸ்டிக் மட்டும்
ஒரே கோடையில் புரை விழுந்த கண்ணாகிவிட்டது.

பானெட்டைத் தூக்கினால் வண்டியின் முன்பாதி முழுக்க
எழுந்து முன்னால் சாய்ந்துவிடும்.
சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்.
முன்சக்கரம் திரும்புகிற மூட்டுக்குக் கிரீஸ் ஆகாது,
கியர் ஆயில்தான். நான்கு மெக்கானிக்குகளிடம் சொன்னேன்.
நால்வரும் சிரித்துக்கொண்டே கிரீஸ் வைத்தார்கள்.
அதன்பின் ஆயில் கேன் என் கைக்கு வந்தது.
நகக்கண்ணில் கறுப்பு. கையெழுத்திடும்போது
பாலிசிக்காரர்கள் பார்க்கிறார்கள்.
பார்க்கட்டும்.

கிருஷ்ணகிரியில் திறந்த வண்டிக்கு இரண்டே அர்த்தம்:
மாப்பிள்ளை அழைப்பு, ஓட்டுக் கேட்பது.
இரண்டுக்கும் வந்து கேட்டார்கள். இல்லையென்றேன்.
"அப்புறம் எதுக்குத்தான் வச்சிருக்கீங்க?"
ராயக்கோட்டை தாண்டியதும்
புளியமர நிழல்கள் மடியில் விழுந்து விழுந்து ஓடுவதை
எந்தப் படிவத்தில் நிரப்பிக் கொடுப்பது?

ஐப்பசியில் அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல்லுக்குப் போனோம்.
சோதனைச் சாவடியில் வனக்காவலர் தடியைக் குறுக்கே நீட்டினார்.
"யானை இருக்கு. மேல மூடாம விடமாட்டேன்."
"துணியப் போட்டு மூடினா யானை விட்டுடுமா?"
வாதாடியது திம்மராயன்.
அந்த வண்டிக்காக அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.
காவலர் அசையவில்லை.
ஹூட்டை இழுத்தோம். இடப்பக்கக் கொக்கி மாட்டவில்லை.
எண்ணெய் விட்டோம், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினோம், திட்டினோம்.
கடைசியில் அவர் ஏறி உட்கார்ந்து
இடது கையை உயர்த்தி அந்த மூலையைப் பிடித்துக்கொண்டார்.
"ஓட்டு."

காடு முழுக்க அப்படியே.
பஸ்ஸில் கம்பி பிடித்து நிற்பவரைப் போல, ஆனால் உட்கார்ந்தபடி.
யானை வரவில்லை.
ஒரு வளைவில் சாணம், ஆவி விட்டுக்கொண்டு.
இரண்டாம் கியர். யாரும் பேசவில்லை.
ஒரு சொட்டு. இன்னொன்று.
பிறகு துணியெங்கும் கடுகு வெடிப்பது போல் மழை.
நூருல்லாவின் தையல் ஒழுகவில்லை.
ஒழுகியது அவர் பிடித்திருந்த இடத்தில் மட்டும்:
மணிக்கட்டு வழியே, முழங்கை வழியே,
இஸ்திரி போட்ட சட்டைக்குள்.

"கை வலிக்குதா?"
"ரோட்டப் பாரு."

நாட்றாம்பாளையத்தில் டீக்கடை.
வலது கையில் கிளாஸ்.
இடது கை இன்னும் பாதி உயரத்தில்
இறங்க மறந்து நின்றது.
வெளியே நனையும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடியில நீட்டிக்கிட்டிருக்கிற கம்பி
மொத்தம் எத்தன கிலோ தேறும்?"

எதற்கு என்றேன்.

"அறுத்துப் போட்டா
இதுக்கொரு ஷெட்டுக்கு ஆகும்ல."