ஆறு மணி வரை

யோகோஹாமா. பிப்ரவரிக் கடற்காற்று
வரிசையை முதுகில் கைவைத்துத் தள்ளியது.
கழுத்தில் தொங்கிய அட்டையில் 'பொதுப் பார்வையாளர்'.
மற்ற நாளெல்லாம் கவாசாகியில் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ்,
தொட்டுப் பார்க்க நாற்பது நிமிடம் நின்றேன்.
விலை கேட்கவில்லை.
மகளின் கல்லூரிக் கட்டணம் மனப்பாடம்.

"ஐந்து நிமிடம்தான்" என்றாள் ஹிராகா.
வெள்ளைக் கையுறை,
காலையிலிருந்து கழற்றாத புன்னகை.
எதிரே காகிதப் பூக்களின் நடுவே
ஒரு பெண் சுழன்றுகொண்டிருந்தாள்.
இருபுறமும் ஷட்டர்கள்
தாளிக்கும் கடுகாய்ப் பொரிந்தன.

நான் தொழில் புத்தியில் மேலே பார்த்தேன்.
கூரை இரும்புகளுக்கிடையே
விளக்குக் கட்டுபவர் ஒருவர்
ஹெல்மெட்டை மடியில் கவிழ்த்து,
அதன்மேல் வைத்து
சோற்று உருண்டையின் உறையைப் பிரித்தார்.
உதட்டோரம் ஒரு பருக்கை,
அதுகூடத் தெரிந்தது.

அமுக்கினேன்.
ஒரே முறை.

இருபது வருடமாக எனக்கு வராத படம்.
என் மெமரி கார்டைப் போட்டுக்கொள்ளலாமா?
ஹிராகா இரண்டு முறை குனிந்தாள்.
"மன்னிக்கவும், அனுமதி இல்லை."
பிறகு திரையைப் பெரிதாக்கினாள்,
இன்னும் பெரிதாக்கினாள்.
"உள்ளே சால்மன்" என்றாள்,
புன்னகை இல்லாமல்.
அவளும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

பின்னால் நின்றவர் செருமினார்.

திரும்பும் ரயிலில்
மடி கொள்ளாத விளம்பரத் தாள்கள்.
ஆறுக்கு அரங்கை மூடுவார்கள்,
கேமராக்களைத் துடைத்து
உள்ளிருப்பதை அழிப்பார்கள்.

மணி ஐந்து ஐம்பது.
இன்னும் பத்து நிமிடம்
அவர் சாப்பிடலாம்.