தைஸ்தோவின் பாக்கி

முதல் வருடம் ஹெல்சிங்கியிலிருந்து
நாற்பது விளக்குகளை வாடகைக்கு எடுத்தான்.
ஜூன் கடைசி. சூரியன் மறையவேயில்லை.
இரவு பதினொன்றரைக்கு
டிரம்மரின் நெற்றியில் ஊர்ந்த கொசுவைக்கூட
கடைசி வரிசையில் பார்த்தார்கள்.
எரியாத விளக்குக்கும் வாடகை உண்டு.

ஜெனரேட்டர் என்னுடையது.
அந்தப் பாக்கி இன்னும் இருக்கிறது.

இரண்டாம் வருடம் மழை.
உர்போவின் உருளைக்கிழங்கு வயலை
மூவாயிரம் பூட்ஸுகள் உழுது போட்டன.
நஷ்ட ஈடா, உழவுக் கூலியா,
யார் யாருக்குத் தர வேண்டும் என்று
சவுனாவுக்குள் ஒரு சாயங்காலம் முழுக்க
துண்டுகூட இல்லாமல் பேரம் பேசினார்கள்.

பாடகி மூடுபனியில் ஸ்டாக்ஹோமோடு நின்றுவிட்டாள்
ஒரு வருடம். மேடையேறி அவனே சொன்னான்.
யாரோ சாஸேஜை விட்டெறிந்தார்கள்.
குனிந்து எடுத்துத் தின்றான். கைதட்டல்
அன்றைக்கு அதற்கு மட்டும்தான்.

வானம் பார்த்த பூமி அவன் தொழில்.
கையைச் சுட்டுக்கொண்டே இருந்தான்.
வீட்டை அடகு வைத்ததை
ஆறாம் வருடம்தான் கைசாவிடம் சொன்னான்.
அவளோ வங்கிக் கடிதத்தை எப்போதோ பிரித்துப் படித்து
பசை தடவித் திரும்ப ஒட்டி வைத்திருந்தாள்.

ஒன்பதாம் வருடம் பதினாலாயிரம் பேர்.
பத்தாம் வருடம் பெர்லினிலிருந்து இரண்டு பேர்,
சேறு படாத காலணிகளோடு.
வாங்கிவிட்டார்கள், பெயரையும் சேர்த்து.
ஹல்லா என்பது அவன் நாயின் பெயர்.
நாய்க்கு விவரம் தெரியாது,
கூப்பிட்டால் இன்னும் வாலாட்டுகிறது.

எல்லோர் கணக்கையும் தீர்த்தான்.
என்னுடையது விட்டுப்போனது.
கேட்டால் தருவான். கேட்கவில்லை.

இந்த வருடம் டிக்கெட் வாங்கி வந்தான்.
மணிக்கட்டில் காகிதப் பட்டை,
எவனோ வெளியாள் போல.
மேடைக்குப் பின்னால் என் ஜெனரேட்டர் பக்கத்தில்
வந்து நின்றான்.
பத்து வருடத்தில் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டதில்லை,
இன்று கேட்கப்போகிறேன் என்றான்.
சரி என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.

முதல் சரணம் வரை தாங்கினான்.
"பெண்கள் வரிசையைப் பார்,
இன்னும் ஆறு கழிவறையாவது வேண்டும்."
பிறகு, "டீசல் எவ்வளவு இருக்கு?"
விடியும்வரை, என்றேன்
விடியலும் அந்தியும் ஒன்றாய்க் கிடந்த அந்த வெளிச்சத்தில்.

பாட்டு எப்போது முடிந்ததென்று
இரண்டு பேருக்கும் தெரியாது.
மேற்கே ஏரிக்கு மேல்
கைக்குட்டை அளவு ஒரு மேகம்.
சேர்ந்தாற்போல் நிமிர்ந்தோம்.