நாலு மீட்டர் நூல்

பாடக் குறிப்பேட்டில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்:
ஐந்தாம் வகுப்பு. கணக்கு. பரப்பளவு.
குழுவுக்கு நாலு மீட்டர் நூல்.
தரையில் ஒரு சதுரம். உள்ளே இருப்பதை எழுதுக.
நேரம், நாற்பது நிமிடம்.

நூல் கொண்டுவந்தவன் கௌசிக்ராம்.
அவன் அப்பா ஓட்டும் தறியில் கழித்துப்போட்ட நீலம்.
செல்லூரில் நூலுக்கா பஞ்சம்.
சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி
எங்கள் வாய்ப்பாட்டைவிடச் சத்தமாக
ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

முதல் குழு குழாயடியில்.
எறும்பு நாற்பத்து மூன்று என்று எழுதி,
அடித்து, ஐம்பது என்று எழுதி,
அதையும் அடித்து,
‘நிக்கவே மாட்டேங்குது’ என்று எழுதியிருந்தார்கள்.

இரண்டாம் குழுவுக்குச் சிமெண்டுக் கல் பாவிய முற்றம்.
இருபத்திரண்டு கல், ஒரு ஓரத்துண்டு.
துண்டை என்ன செய்வது என்று சண்டை.
அஸ்விகா அதைத் தன் பெயரில் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் குழுச் சதுரத்தில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பாதி.
எழுதி முடிப்பதற்குள் கால்வாசி.
‘டீச்சர், வெயிலுக்கும் சேத்து அளவு போடணுமா?’
எனக்குத் தெரியவில்லை.

தனுசியா குழுவுக்கு இடம் மிஞ்சவில்லை.
சத்துணவுக்கூடச் சுவருக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே
ஒரு சந்து.
அங்கே நூலை அரைச்சாண் அகலத்துக்கு ஒடுக்கி
நீளமாய், நீளமாய் விட்டிருந்தார்கள்.
சதுரம் எங்கே என்றேன்.
‘அதே நூலுதான டீச்சர்.’

அதே நூல்தான்.
அளந்து பார்த்தோம், நாலு மீட்டர்.
அப்படியென்றால் உள்ளேயும் அதேதானே என்று
யாரோ கேட்க, யாரோ இல்லை என்க,
ஆளை நிறுத்திப் பார்த்துவிடுவோம் என்றான் கௌசிக்ராம்.

குழாயடிச் சதுரத்தில் பதினான்கு பேர்
கட்டிப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு,
எறும்புகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.
சந்துக்குள் நாலே பேர்,
அதுவும் ஒரு காலுக்கு முன்னால் மறுகால் வைத்து.
‘நூலு ஏமாத்துது டீச்சர்!’

ராபியா ஒன்றும் பேசாமல்
நூலைப் பிடித்து வட்டமாக விட்டாள்.
பதினேழு பேர்.
புத்தகத்தில் இதெல்லாம் இன்னும் சில வகுப்பு தள்ளித்தான் வரும்.

அப்போதுதான் தனுசியா,
பென்சில் முனையைச் சுவரில் தேய்த்துக் கூர்ப்படுத்தியபடி,
மழை வரும்போல என்று சொல்கிற குரலில் சொன்னாள்:
‘எங்க வீடு இந்தச் சந்து மாதிரி.
செவரு நெறைய, உள்ள கம்மி.’

நான் ஏதோ ஆறுதலாய்ச் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் போட்டி தொடங்கிவிட்டது.
எங்களுது அதவிட ஒல்லி.
எங்க வீட்டுல அப்பா குறுக்க படுத்தா
தம்பி நிமிந்து படுக்க முடியாது.
எங்களுதுல கதவத் தெறந்தா அடுப்பு இடிக்கும்.
கிரிக்கெட் ரன் சொல்வதுபோல்
ஒருவரை ஒருவர் முந்தினார்கள்.

‘அப்ப வட்டமா கட்டிக்கிட்டா என்ன?’
கௌசிக்ராம் கேட்டான்.
சாக்பீஸ் தீரும்வரை முற்றமெல்லாம் வட்ட வீடுகள்.
வட்டச் சமையலறை, வட்டக் கட்டில்.
வட்டமாக ஒரு நாய், வீட்டுக்குப் பொருத்தமாக.
அஸ்விகாதான் தடுத்தாள்:
‘பீரோவ எங்கிட்டு வைக்கிறது?’
அதற்கு யாரிடமும் பதில் இல்லை.
மணி அடித்தது.

சாயங்காலம் செயலியில் படம் ஏற்றினேன்.
நூல் மெல்லியது, படத்தில் விழவில்லை.
இருபத்து நாலு தலைகள்
ஒன்றுமில்லாத தரையைக்
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன.
கற்றல் விளைவு என்ற கட்டத்தில்
ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள்.
‘அடைந்தனர்’ என்று எழுதினேன்.

இரவு ஒன்பதுக்கு அலுவலகத்திலிருந்து செய்தி:
செயல்பாடு தெளிவாகத் தெரியவில்லை,
மீண்டும் எடுத்து அனுப்பவும்.

காலையில் கௌசிக்ராமிடம் சொன்னேன்,
நாளைக்குக் கொஞ்சம் தடிச்ச நூலாக் கொண்டா.
பையை இறக்காமலே கேட்டான்,
‘எத்தனை மீட்டர் டீச்சர்,
தனுசியா வீட்டுக்கு?’