அளவு நாடா

மே மாதக் கடைசி வாரம்.
இரும்பு நாடாவின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து
கிணற்றுக்குள் விடுகிறேன்.
நனைந்த இடத்தில் வெள்ளை போய்விடும்.
அந்தக் கோடுதான்
அரசாங்கத்துக்குத் தெரிந்த தண்ணீர்.
முப்பத்தேழு கிணறுகள், ஒரு ஸ்கூட்டி,
ஓரம் மடங்கிய ஒரு பதிவேடு.

பாகூரில் செங்கேணி
மோட்டார் கொட்டகை நிழலிலிருந்து கேட்டார்:
"எவ்ளோ எறங்கியிருக்கு?"
போன மே மாதத்தைவிட ஒன்றரை மீட்டர் என்றேன்.
"நான் ஒரு போகம் நெல்லோட சரி.
எதிர்க்கால்ல கரும்பு போட்டிருக்கான் பாருங்க,
அவனைக் கேளுங்க."
கரும்புக்காரர் கம்பெனியைக் காட்டினார்.
கம்பெனி வாட்ச்மேன்
கேன் ஏற்றிய லாரிகள் போகும் திசையில்
நகரத்தை நோக்கிக் கையை நீட்டினார்.
நகரத்தில் யாரைக் கேட்பது?
அங்கே எல்லோருக்கும் தாகம்.

இந்த வரப்பு புதுச்சேரி,
அடுத்த வரப்பு கடலூர் மாவட்டம்.
பெட்ரோலுக்கு இங்கொரு விலை, அங்கொரு விலை.
பிராந்திக்கும் அப்படியே.
அந்தப் பக்கத்துக் கிணறுகளை
வேறொருவர் வேறொரு நாடாவால் அளக்கிறார்.
அவரை நான் பார்த்ததில்லை.
கீழே, இருட்டில்,
எங்கள் இரண்டு நாடாக்களும்
ஒரே தண்ணீரைத் தொட்டுவிட்டு
ஆளுக்கொரு மாநிலமாக மேலே வருகின்றன.

மூர்த்திக்குப்பம் கடைசி.
கடல் கூப்பிடு தூரம்.
நாடா சீக்கிரமே நனைந்தது.
நம்பாமல் இரண்டாம் முறை விட்டுப் பார்த்தேன்.
போன வருடத்தைவிட ஏற்றம்தான்.
பொறியாளர் சந்தோஷப்படுவார்,
அறிக்கையில் ஒரு பச்சை அம்புக்குறி கிடைக்கும்.
வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பிலோமின் அக்கா
தலை நிமிராமல் சொன்னாள்:
"வாயில வச்சுப் பாரு."

வைத்தேன்.

பந்தியில் எழுந்தவர் இலையை எடுக்குமுன்னே
அடுத்தவர் வந்து அமர்வதுபோல
நாங்கள் உறிஞ்சிக் காலி செய்த இடத்தில்
கடல் வந்து உட்கார்ந்திருக்கிறது.
இரண்டு வருடமாக இங்கே யாரும் இறைப்பதில்லையாம்.
பதிவேட்டில் ருசிக்குக் கட்டம் இல்லை.
'குறிப்பு' என்று ஒரு விரற்கடை இடம் உண்டு.
'கரிக்கிறது' என்று எழுதினேன்.
கடைசி எழுத்து
பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது.

அரியாங்குப்பம். இருட்டும் நேரம்.
என் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி
சன்ஷேடிலிருந்து கொட்டிக்கொண்டிருக்கிறது.
காலையில் மோட்டாரைப் போட்டு,
கரன்ட் போனதும் மறந்து கிளம்பியது நான்.
கரன்ட் எப்போது திரும்பியதோ.
செம்பருத்தியைத் தாண்டி, வாசலைத் தாண்டி,
தெருமுனைச் சாக்கடைவரை
முப்பத்தேழு கிணறுகளை அளந்துவிட்டு வந்தவளின்
நல்ல தண்ணீர்.

சுவிட்சை அணைத்தேன்.
கொஞ்ச நேரம் யாரையாவது சொல்லப் பார்த்தேன்.
மின்துறை.
மிதவை மாட்டாமல் போன பிளம்பர்.
எல்லாம் நியாயமாகவே இருந்தது,
எல்லாம் செங்கேணியின் குரலிலேயே வந்தது.

பிறகு எங்கள் போர் மூடியைத் திறந்து
சாக்பீஸை எடுத்தேன்.
எதிர்வீட்டு தனசுந்தரி என்னவென்று பார்க்க வந்தாள்.
டார்ச்சைப் பிடிக்கச் சொன்னேன்.
நாடா போய்க்கொண்டே இருந்தது.
"இன்னுமா?"
"இன்னும்."

முப்பத்தெட்டு என்று எண் போட்டேன்.
'உரிமையாளர்' என்ற கட்டத்தில்
பேனா சற்று நின்றது.
எப்போதிலிருந்து, யார் கொடுத்து?
இருந்தாலும் என் பெயரை எழுதினேன்,
அந்தக் கட்டத்தில்
வேறு யாருடையதை எழுதுவது.

தனசுந்தரி போகாமல் நின்றாள்.
"எங்க வூட்டுதையும் பாத்துடுறியா?"
கேட்டிருக்கக் கூடாதோ என்று
கேட்டபின் தோன்றிய முகம்.

டார்ச்சை அணைக்காமல்
தெருவில் தேங்கிய என் தண்ணீரைத் தாண்டி
அவள் முன்னால் நடந்தாள்.
விரலெல்லாம் சாக்பீஸோடு
நான் பின்னால்.